ரீடச் செய்தபின் முகம் மெழுகுபொம்மை மாதிரி வருது, கழுத்தோடு கலரும் சேரவில்லை

கேள்வி: ஆல்பம்காரன்

அண்ணன்மாரே, ரிசப்ஷன் மேடையில் எடுத்த மணப்பெண் படம். 24 மெகாபிக்சல் ரா ஃபைல், போட்டோஷாப்பில் 16-பிட்டில் திறக்கிறேன். இடுப்பு வரை வரும் ஃப்ரேம். நெற்றி முதல் தாடை வரை முகம் சுமார் 1200 பிக்சல் உயரம்.

லைட்ரூமில் ஆரஞ்ச் லூமினன்ஸ் (ஆரஞ்சு நிறங்களின் வெளிச்சம்) +30, கிளாரிட்டி −25. அதன்பின் ஃப்ரீக்வென்ஸி செபரேஷன் (தோலின் நுண்விவரத்தை ஹை லேயரிலும், நிறம் நிழலை லோ லேயரிலும் பிரிக்கும் முறை), ரேடியஸ் 24. லோ லேயரில் கன்னம், நெற்றி இரண்டையும் லாஸோவில் வளைத்து காசியன் பிளர் 40. ஹை லேயரில் ஹீலிங் பிரஷ்.

முகம் தட்டையாக, சாம்பல் பூத்த மாதிரி வருது. கழுத்தும் கையும் வேறு நிறம். ஹீலிங் செய்த இடத்தில் சில நேரம் வெளுத்த திட்டு விழுது. எங்கே கோளாறு?

பதில்: நிழல்பக்கம்

முதல் கோளாறு ரேடியஸ். 24 வைத்தால் ரோமக்குழி மட்டுமில்லாமல் சிவந்த திட்டு, கண்ணுக்குக் கீழ் கருமை எல்லாமே ஹை லேயருக்குப் போய்விடும். லோ லேயரில் மிஞ்சுவது முகத்தின் மேடுபள்ளம் மட்டும். திட்டு போகவில்லையே என்று நீங்கள் 40 பிளர் போடுகிறீர்கள். அது மூக்குத்தண்டின் நிழலையும் கன்னமேட்டையும் கரைக்கிறது. தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். மறுபக்கம், ரேடியஸை 1, 2 என்று வைத்தால் ரோமக்குழி லோ லேயரிலேயே தங்கி, பிளரில் அழிந்துபோகும். அப்போதுதான் பிளாஸ்டிக் தோல்.

1200 பிக்சல் முகத்துக்கு 4 முதல் 6 போதும். முகமே ஃப்ரேமை நிறைக்கும் குளோசப்புக்கு 10, 12 வரை போகலாம். எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள். ரேடியஸை மெல்ல ஏற்றி, கன்னத்தில் ரோமக்குழி மறையும் அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

லேயரை இரண்டு காப்பி எடுங்கள். கீழே உள்ளதில் (லோ லேயர்) அந்த ரேடியஸில் காசியன் பிளர். மேலே உள்ளதில் அப்ளை இமேஜ் திறந்து, லேயர் பெட்டியில் கீழே உள்ள லோ லேயரைத் தேர்ந்தெடுங்கள். 16-பிட்டுக்கு: ஆட், இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. 8-பிட்டுக்கு: சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. பிறகு பிளெண்ட் மோடு லீனியர் லைட். இரண்டையும் ஒரு குரூப்பில் போட்டு கண் ஐகானை அணைத்து அணைத்துப் பாருங்கள். படம் துளியும் மாறக்கூடாது. மாறினால் அப்ளை இமேஜில் லேயர் தப்பாக எடுத்திருக்கிறீர்கள். அதன்மேல் வேலையைத் தொடராதீர்கள்.

வெளுத்த திட்டுக்குக் காரணம் ஹீலிங் பிரஷின் சாம்பிள் பெட்டி. ஹை லேயரில் வேலை செய்யும்போது அது ‘கரண்ட் லேயர்’ என்றே இருக்க வேண்டும். ‘ஆல் லேயர்ஸ்’ என்று இருந்தால் முழுப்படத்தின் நிறமும் சாம்பல்நிற ஹை லேயரில் ஒட்டிக்கொள்ளும். லீனியர் லைட் அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும்.

லோ லேயரில் பிளர் செய்யுமுன் அதை ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும் செய்யுங்கள். லாஸோ ஃபெதர் (விளிம்பு மென்மை) 20, பிளர் 12 முதல் 15. மூக்கோரம், தாடைக்கோடு, உதடு, முடி தொடங்கும் இடம் இவற்றைத் தாண்டி லாஸோ போகக்கூடாது. போனால் முடியின் கறுப்பு நெற்றியில் கசியும். முடித்ததும் அந்தக் காப்பியின் ஒபாசிட்டியை 50க்கு இறக்குங்கள். பாதித் திட்டு தெரியட்டும், அதுதான் தோல்.

பதில்: மாநிறம்

கலர் விஷயம் நான் சொல்றேன். ஆரஞ்ச் லூமினன்ஸ் +30தான் சாம்பலுக்குக் காரணம். மாநிறத் தோல் ஆரஞ்ச் பட்டையில்தான் இருக்கு. அதை ஏத்தினா தோலின் வெளிச்சம் மட்டும் கூடும், நிறத்தின் அடர்த்தி குறைஞ்சு வெளிறிப்போகும். கூடவே தங்க நகையும் பட்டுப்புடவை ஜரிகையும் வெளுக்கும், பாருங்க. நிழல்ல இருக்கிற கழுத்து அதே அளவுக்கு ஏறாது. அதான் ரெண்டு நிறம்.

அதை 0க்குக் கொண்டுவாங்க. முகத்துக்கு வெளிச்சம் வேணும்னா மாஸ்க் (மாற்றம் படவேண்டிய இடத்தை மட்டும் குறிக்கிறது) போட்டு எக்ஸ்போஷர் +0.2, +0.3. அந்த மாஸ்க்குல கழுத்து, காது, கை எல்லாம் சேரணும். முகத்தை மட்டும் ஏத்தறதுதான் நம்ம ஊர் ஆல்பங்கள்ல பழகிப்போன வியாதி. "கொஞ்சம் கலரா காட்டுங்க"ன்னு வீட்டுக்காரங்க கேட்டாலும் முழு உடம்புக்கும் சேர்த்துக் கொஞ்சமா ஏத்துங்க, நிறத்தை மாத்தாதீங்க.

சரிபார்க்க இன்ஃபோ பேனலை சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு அளவு காட்டும்) மாத்தி, ஐட்ராப்பரை 5க்கு 5 சராசரியில வைங்க. கன்னத்துல பளபளப்பும் நிழலும் இல்லாத இடத்துல, மஞ்சள் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூட இருக்கணும். சயான் மெஜந்தாவுல மூணில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல வரைக்கும் வரும். கருத்த தோலுக்கு அதிகம். உதாரணமா சயான் 32, மெஜந்தா 52, மஞ்சள் 63 சரி. மஞ்சளைவிட மெஜந்தா கூடினா ரோஸ் நிறம்; மேடை எல்இடி லைட்ல இது அடிக்கடி வரும். நலங்கு மஞ்சள் பூசின படத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதை அப்படியே விடுங்க.

கேள்வி: ஆல்பம்காரன்

ரேடியஸ் 5, சாம்பிள் கரண்ட் லேயர் ரெண்டும் மாத்தினதும் திட்டு நின்னுடுச்சு. ஆல்பத்துல 300 படம் இருக்கு, எல்லாத்துக்கும் இப்படிப் பண்ண முடியுமா? நெத்தி வியர்வைப் பளபளப்புக்கு என்ன வழி?

பதில்: கர்வ்ஸ்

எல்லாத்துக்கும் வேண்டாம். ஆல்பத்தில் பெரிதாக வரும் பத்துப் பதினைந்து முகத்துக்கு மட்டும் கையால் செய்யுங்கள். மீதிக்கு லைட்ரூம் கிளாசிக்கில் 2022 அக்டோபரில் வந்த பீப்பிள் மாஸ்க் (ஆளின் முகம், தோலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி) போதும். ஃபேஸ் ஸ்கின் தேர்ந்தெடுத்து டெக்ஸ்சர் −12 முதல் −20, கிளாரிட்டி 0. கிளாரிட்டியைக் குறைத்தால் முகத்தின் நிழல் வெளிச்சமே மங்கிப் புகை படிந்த மாதிரி ஆகும். டெக்ஸ்சர் பெரும்பாலும் நடுத்தர அளவு விவரத்தைத்தான் தொடும்.

குளோசப்புக்கு ஃப்ரீக்வென்ஸி செபரேஷனே வேண்டாம் என்பது என் கட்சி. காலி லேயரில் ஹீலிங் (சாம்பிள் ‘கரண்ட் அண்ட் பிலோ’), அதன்மேல் டாட்ஜ் அண்ட் பர்ன் (இடம் பார்த்து வெளிச்சம், இருட்டு கூட்டுவது). இரண்டு கர்வ்ஸ் லேயர், ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று இருட்டுக்கு. இரண்டின் மாஸ்க்கும் கறுப்பு. வெள்ளை பிரஷ், மென்மையான விளிம்பு, ஃப்ளோ 2 அல்லது 3. எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் வைத்தால் நிறம் கண்ணை ஏமாற்றாது, திட்டுகள் பளிச்சென்று தெரியும். நேரம் பிடிக்கும், ஆனால் ரோமக்குழி ஒன்றுகூட அழியாது. 200 சதவீத ஜூமில் உட்காராதீர்கள், இல்லாத குறையெல்லாம் தெரியும். 50 சதவீதத்தில் வேலை.

பளபளப்புக்குப் புது லேயர், மோடு டார்க்கன். பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, ஒபாசிட்டி 10 பிரஷால் இரண்டு மூன்று தடவை ஒற்றுங்கள். முழுதாக அணைக்காதீர்கள், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொஞ்சம் மினுமினுப்பு வேண்டும்.

கேள்வி: வேறொருவர்

போட்டோஷாப் இல்லை, கிம்ப் என்ற இலவச மென்பொருள்தான். முடியுமா?

பதில்: நிழல்பக்கம்

முடியும். கிம்ப் 2.10இல் ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ் மெனுவில் வேவ்லெட் டீகம்போஸ் இருக்கிறது; விவரத்தின் அளவுவாரியாகப் படத்தைப் பல லேயராக (ஸ்கேல்) பிரிக்கும். ஸ்கேல் 5 என்றே விடுங்கள். சிறு எண் ஸ்கேல்களில்தான் ரோமக்குழி இருக்கும்; பருவை அங்கே ஹீல் டூலால் எடுக்கலாம். திட்டைச் சமன் செய்ய 5ஆம் ஸ்கேலிலும் ரெசிட்யூவலிலும் (மிச்சமிருக்கும் அடி லேயர்) மட்டும் லாஸோ போட்டு லேசாக பிளர் செய்யுங்கள். நடு ஸ்கேல்களை அழித்தால் தோல் வழுவழுவென்று ஆகிவிடும்.

கேள்வி: ஆல்பம்காரன்

கடைசியா ஒண்ணு. மச்சம், பழைய தழும்பு எல்லாம் எடுக்கலாமா? கண், பல்?

பதில்: மாநிறம்

ரெண்டு வாரத்துல தானா போற பரு, கீறல் எடுங்க. மச்சமும் தழும்பும் அவங்க கேட்டா மட்டும். கண் வெள்ளையில செம்மையைப் பாதி குறைங்க, வெளிச்சம் ஏத்தாதீங்க. பல்லுக்கு ஹ்யூ/சாச்சுரேஷன்ல மஞ்சளை மட்டும் −40. ப்ளக்-இன் ஏதாவது ஓட்டினா மூக்குத்தி, நெத்திச்சுட்டி, புருவம், காதோர முடி இதெல்லாம் மாஸ்க்குல வெளியே இருக்கான்னு பாருங்க. அந்த விளிம்புகள் மழுங்கியிருந்தா பிரிண்ட்ல முதல்ல அதுதான் கண்ணுக்குப் படும்.