வீடு கட்டும்போது வீணாய்ப் போனதில் உங்களை இன்னும் உறுத்துவது எது?

செங்கல்தூசி:
பழைய வீட்டை இடித்துத்தான் கட்டினோம். குடி வந்தும் ஆயிற்று, ஒரு மத்தியானம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. முன்சுவர் சுண்ணாம்புக் காரை, பிற்பாடு சேர்த்த அறை சிமெண்ட். வேலைக்கு வந்த பெரியவர் முன்சுவர்ச் செங்கல்லைக் கையில் வைத்துக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். காரை பொலபொலவென்று உதிரும், கல் முழுசாக நிற்கும். அப்புறம் இரண்டு கல்லை மோதிப் பார்ப்பார். கணீரென்றால் இந்தப் பக்கம், மந்தமாகக் கேட்டால் அந்தப் பக்கம். பின்னறைக் கல்லிலும் அதையே செய்தார். சிமெண்ட் விடவில்லை, கல்தான் பிளந்தது. "கலவை கல்லைவிடக் கெட்டி தம்பி, இனி இது நிரப்பத்தான் ஆகும்" என்றார். அவர் அடுக்கி வைத்த நல்ல கல்லையும் மறுநாள் லாரியில் இடிபாட்டோடு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஈரச்சாக்கு:
எனக்குத் தண்ணீர். தூண் வார்த்த மூன்றாம் நாள், ஹோஸை உச்சியில் செருகிவிட்டு ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருக்கிறார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அடியில் குளம். தண்ணீர் ஒரே பக்கமாக வழிந்து, மறுபக்கம் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அன்றே சாக்கைச் சுற்றிக் கட்டினோம். காலையும் மாலையும் நனைக்க, தூணுக்கு ஒரு வாளி போதுமாக இருந்தது.

தளமட்டம்:
சாக்கு சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் நனைக்கும் நாட்களைக் குறைத்துவிடாதீர்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. சாதாரண சிமெண்டுக்கு 7 நாளாவது ஈரம் வேண்டும், சாம்பல் கலந்ததற்கு இன்னும் கூட. தண்ணீரைக் குறைக்க வேண்டிய இடம் கலவை. 50 கிலோ மூட்டை வினைபுரிய ஏறக்குறைய 12 லிட்டர் போதும். இளக்கத்துக்காக 20, 25 வரை சேர்க்கிறோம். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் ஆவியாகி உள்ளே துளையாகிவிடும். எங்கள் சன்ஷேடில் "இன்னும் ஒரு வாளி ஊத்துப்பா" என்றது என் காதில் விழுந்தும் பேசாமல் இருந்தேன்; கடைசியில் அதை உடைத்து மறுபடி வார்த்தோம். செங்கல்தூசி, பழைய கல்லைச் சோதிக்காமல் பாரம் தாங்கும் சுவரில் வைக்கக் கூடாது. கம்பியையும் பாருங்கள். 12 மீட்டர் கம்பியில் 3.5 மீட்டராகவே வெட்டினால் மூன்று துண்டு போக ஒன்றரை மீட்டர் மூலையில் கிடக்கும். இரண்டு 3.5, ஒரு 5 என்று வெட்டினால் மிச்சமே இல்லை. வெட்டுவதற்கு முன் பட்டியல் போடச் சொல்லுங்கள். ஜிப்சம் பலகைத் துண்டைக் கான்கிரீட் இடிபாட்டில் கலக்க விடாதீர்கள், அப்புறம் அதை அரைத்து ஜல்லியாக்க முடியாது. மழைநீர்த் தொட்டியைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலிலேயே தோண்டுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 100 லிட்டர்.

செங்கல்தூசி:
பாரச் சுவருக்கு என்று நான் எங்கே சொன்னேன்? தோட்டத்து நடைபாதைக்காவது ஆகியிருக்கும். அதற்குப் புதுக் கல் வாங்கினேன், அதுதான் ஆறவில்லை.

வேர்க்கால்:
மிக்சர் கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவது என்று கேட்டார்கள். மரத்துக்காவது போகட்டும் என்று இடம் காட்டியது நான்தான். அது சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கடும் காரம் என்று அப்போது தெரியாது. சில வாரத்தில் அந்தப் பக்கத்து இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது. அதன்பிறகு டிரம்மில் தெளிய வைத்து, மேல்தண்ணீரை அடுத்த கலவைக்கே எடுத்தோம். அந்தக் கிளை இன்னும் துளிர்க்கவில்லை.