தாறுமாறான புள்ளிகளில் வட்டம் தெரிகிறது, விளக்க உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சோதனை தயார் செய்கிறேன். தாறுமாறாகப் புள்ளிகள் அச்சடித்த ஒரு தாள். அதே புள்ளிகளின் நகல் ஓஎச்பி ஷீட்டில், அதாவது ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாளில். நகலை மேலே வைத்து லேசாகத் திருப்பினால் போதும், நடுவைச் சுற்றி வட்ட வட்டமாகப் பளிச்சென்று தெரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வெறும் புள்ளிக்கூட்டம்தான். 1969இல் லியோன் கிளாஸ் என்ற விஞ்ஞானி விவரித்த விஷயம் இது.

எனக்குப் புரிந்த வரை, மூளையின் பார்வைப் பகுதியில் முதல் கட்டச் செல்கள் அருகருகே உள்ள புள்ளி ஜோடியை (ஒரு புள்ளியும் அதன் நகலும்) ஒரு சின்னக் கோடாக எடுத்துக்கொள்கின்றன. அந்தத் துண்டுகளை அடுத்த கட்டங்கள் வட்டமாகச் சேர்க்கின்றன. அதிகம் திருப்பினால் ஜோடி பிரிந்துவிடுகிறது. இதுவரை சரி.

சிக்கல் இங்கேதான். சாம்பல் பின்னணியில் ஒரு புள்ளியைக் கறுப்பாகவும் அதன் ஜோடியை வெள்ளையாகவும் மாற்றினால் வட்டம் காணாமல் போகிறது. புள்ளிகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன! பிள்ளைகள் கட்டாயம் "ஏன் சார்?" என்பார்கள். பார்வை நரம்பியல் தெரிந்தவர்கள் எளிமையாகச் சொல்லித் தர முடியுமா? அப்புறம், இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையில் வரைய பைத்தான் நிரல் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். வகுப்பு அடுத்த வாரம்.