ஏற்காடா, மரக்காணமா? இருந்து பார்த்தவங்க சொல்லுங்க

ஊத்தங்கரையிலிருந்து எழுதறேன், வயசு 57. அடுத்த வருஷத்திலிருந்து பாதி நாள் கணக்கு எழுதற வேலை, மீதி ஓய்வு. எங்க குடியேறலாம்னு யோசிக்கறோம்: வீட்டுக்காரம்மாவுக்கு ஏற்காடு, எனக்குக் கடலோர மரக்காணம்.

போன மார்கழியில ஏற்காட்டுல ரெண்டு வாரம் வாடகைக்கு இருந்து பார்த்தோம். துவைச்ச லுங்கி மூணு நாள் காயல. அவங்களுக்கு இழுப்பு வந்து, நடுராத்திரியில 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு ஓடினோம். அப்பவும் மலைதான் வேணுமாம்!

மரக்காணம் பக்கம்னா உப்புக்காத்துல கேட்டு, கிரில் எல்லாம் துரு. புயலை மட்டும் நான் கணக்குல சேர்க்கல. 2024 ஃபெஞ்சல்ல கடலே இல்லாத எங்க ஊர்லயே ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டி, வேனெல்லாம் அடிச்சுட்டுப் போச்சே.

மரக்காணத்துல போர் தண்ணி உப்பா? மழை நாள்ல மலையில நெட் நிக்குமா? வருஷம் முழுக்க இருந்தவங்க சொன்னா நல்லாருக்கும்.