டிஜோன் காதுகுத்து: ஞாயிறு எங்கே போகலாம்?

டிஜோன் அண்ணன்: பாப்பா காதுகுத்து சனிக்கிழமை காலை 10.30, வீட்டிலேயே. யார் யார் தங்குகிறீர்கள் என்று இன்றைக்குள் சொல்லுங்கள். மெத்தை இரவல் வாங்க வேண்டும்.

சித்தி: நாங்கள் 4

லியோன் மாமா: 2. காரில்.

சர்செல் பெரியப்பா: நானும் உங்கள் காரைக்கால் அத்தையும் ரயிலில் வருகிறோம். பாரிஸில் கார் து லியோன் ஸ்டேஷனில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஞாயிறு காலை எல்லோருமாகப் போன் (Beaune) நகரத்துக்குப் போய் வரலாம். டிஜோனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான்.

காரைக்கால் அத்தை: அது ஒயின் ஊர்தானே அண்ணே. எனக்கு அங்கே என்ன வேலை? நான் குழந்தையோடு இருந்துகொள்கிறேன்.

சர்செல் பெரியப்பா: நீ பார்த்தே ஆக வேண்டிய ஊர் அதுதான். இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரில் சனங்கள் சோற்றுக்கு வழியில்லாமல் கிடந்த காலம். இந்தப் பக்கத்தை ஆண்ட பர்கண்டி கோமகனிடம் சான்சலராக, அதாவது தலைமை மந்திரியாக இருந்த நிக்கொலா ரோலென், 1443-இல் மனைவி கிகோனோடு சேர்ந்து ஏழைகளுக்காக அங்கே ஒரு ஆஸ்பத்திரி கட்டினார். முதல் நோயாளி வந்தது 1452-இல். பெரிய கூடத்தில் இரண்டு பக்கமும் கட்டில்கள், சிவப்புத் திரை, கோடியில் சிற்றாலயம். எழுந்திருக்க முடியாதவர்கள் படுத்தபடியே பூசை கண்டிருக்கிறார்கள். 500 வருடத்துக்கு மேல் அங்கே வைத்தியம் நடந்தது. நல்ல மனசுள்ளவர்கள் திராட்சைத் தோட்டங்களை ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் அதன் பேரில் ஏறக்குறைய 60 ஹெக்டேர் இருக்கிறது. வார்டில் நின்றே காலம் கழித்தவள் நீ. அதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது.

சித்தி: சரி முறுக்கு யார் சுடுவது

டிஜோன் அண்ணி: என்னால் முடியாது சித்தி, கைக்குழந்தை

காரைக்கால் அத்தை: நான் சுடுகிறேன். அண்ணே, அத்தனை பேர் படுத்திருந்த இடத்தில் கழிவுநீர் எங்கே போனது?

சர்செல் பெரியப்பா: கட்டடத்துக்கு அடியிலேயே பூசேஸ் என்ற சின்ன ஆறு ஓடுகிறது. அதில்தான் விட்டார்கள்.

காரைக்கால் அத்தை: ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் குடியிருந்தவர்கள் பாவம்.

டிஜோன் அண்ணன்: பெரியப்பா, அது நவம்பர் மூன்றாம் ஞாயிறு. அந்த ஆஸ்பத்திரித் தோட்டத்து ஒயினை ஏலம் விடுகிற நாள். ஊருக்குள் கால் வைக்க முடியாது.

சர்செல் பெரியப்பா: தெரிந்துதான் சொல்கிறேன். 1859-இல் தொடங்கிய ஏலம். பீப்பாய்க் கணக்கில் விற்பார்கள், ஒன்று 228 லிட்டர். அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கும் தர்மத்துக்கும் போகிறது. பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டாமா?

லியோன் மாமா: ஒரு பீப்பாய் எடுத்துவிடுவோமா

சித்தி: தம்பி, முதலில் கல்யாண மண்டபப் பாக்கியைக் கொடு

லியோன் மாமா: அக்கா ஆரம்பித்துவிட்டாள்

தங்கச்சி: கூட்டம் என்றால் சின்னவன் அழுவான். வழியில் வேறு எங்காவது?

சர்செல் பெரியப்பா: வழியில் வூழோ என்ற ஊர் இருக்கிறது. சீத்தோ மடத்துத் துறவிகள் வளர்த்த திராட்சைத் தோட்டம், சுற்றிலும் கல்சுவர், ஏறக்குறைய 50 ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு பறித்து விற்றது. அப்புறம் கைமாறிக் கைமாறி இப்போது சுமார் 80 சொந்தக்காரர்கள். இங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் பங்கு என்பதால், தோட்டங்கள் இருக்கிற அந்த மலைச்சரிவு முழுக்கத் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. நடுவில் ஒற்றைப் பாதைதான், அதற்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர், வேறு விலை. அந்தத் தோட்டங்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டாளத்தில் இருந்தபோது லீவில் அங்கே திராட்சை வெட்டப் போயிருக்கிறேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். ஆனால் அந்த மண்ணை அவர்கள் கவனிக்கிற விதம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. மழையில் மண் சரிந்தால் அடிவாரத்திலிருந்து சுமந்துபோய் மேலே கொட்டுவார்கள்.

புதுச்சேரி சித்தப்பா: ஒரே சுவருக்குள் 80 பேர் இருக்கிறார்கள். நம் வீட்டில் 3 பேருக்குள் ஒரு கிணற்றைப் பங்கு வைக்க முடியவில்லை.

சர்செல் பெரியப்பா: அதை இங்கே பேச வேண்டாம்.

புதுச்சேரி சித்தப்பா: பட்டா நகல் கேட்டேன். இன்னும் வரவில்லை.

காரைக்கால் அத்தை: நிறுத்துங்கள் இரண்டு பேரும். குழந்தை காதுகுத்து பேசுகிற இடம் இது.

சித்தி: 🙏

தங்கச்சி: அத்தை சாப்பாடு? அங்கே முட்டையைக்கூட ஒயின் குழம்பில்தான் வேகவைக்கிறார்கள்

சர்செல் பெரியப்பா: குஜேர் கிடைக்கும். சீஸ் போட்டுச் சுட்ட பன் மாதிரி இருக்கும், முட்டை சேர்ந்தது.

காரைக்கால் அத்தை: புளியோதரை கட்டிக்கொள்கிறேன். உங்களுக்கும் சேர்த்து.

லியோன் மாமா: அப்போது நான் ரெடி

டிஜோன் அண்ணி: ஞாயிறு வேண்டாமே, திங்கள் போங்கள். கூட்டம் குறைந்திருக்கும்

சித்தி: திங்கள் பள்ளிக்கூடம்

லியோன் மாமா: திங்கள் வேலை. ஞாயிறு வூழோ வரைக்கும் வருகிறேன், அங்கிருந்து கிளம்பிவிடுவேன்

சர்செல் பெரியப்பா: நானும் அத்தையும் திங்கள்கூட இருந்து ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வருகிறோம். ஞாயிறு கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

டிஜோன் அண்ணன்: திங்கள் இரவும் தங்கலா?

சர்செல் பெரியப்பா: பார்க்கலாம்.

தங்கச்சி: அத்தை, குளிர் கடுமையாக இருக்கும். என் கோட்டு, பூட்ஸ் இரண்டும் கொண்டு வருகிறேன். கால் அளவு என்ன?

காரைக்கால் அத்தை: 38. அண்ணே, அங்கே மருந்து கலக்கிய அறை இருக்கிறதா? அதையும் பார்க்க விடுவார்களா?

சர்செல் பெரியப்பா: இருக்கிறது. பழைய மருந்து ஜாடிகள் அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

காரைக்கால் அத்தை: அப்போது சரி, திங்கள் இருக்கிறேன்.

சித்தி: முறுக்கு மாவு யார் வாங்குவது, அதைச் சொல்லுங்கள்