தெய்வபயத்தோடு வாழ்கிறவர்களை நேரில் பார்த்த அனுபவங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தெய்வபயத்தைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அதை வேலையிலும் வீட்டிலும் வாழ்ந்து காட்டியவர்களைப் பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

என் அப்பா நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தபோது இரவில் நான்தான் துணைக்கு இருந்தேன். படுக்கைப் புண் வராமல் இருக்க அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இரவுப் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர் முதலில் திரையை இழுத்து மூடுவார். அப்புறம் அப்பாவின் காதருகே குனிந்து, "ஐயா, இப்போது வலது பக்கம் திருப்பப் போகிறேன், கொஞ்சம் வலிக்கும்" என்பார். அப்பாவிடமிருந்து ஒரு அசைவும் இருக்காது. நடுராத்திரியில், நான் தூங்கிவிட்டேன் என்று அவர் நினைத்திருந்த நேரத்திலும் அப்படியேதான் செய்தார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் லேவியராகமம் 19:14-ஐச் சொன்னார். செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காதே, "உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக". எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். ஆனால் அன்றைக்குத்தான் யோசித்தேன். செவிடனைத் திட்டினால் அவனுக்குக் கேட்காது. குருடன் இடறி விழுந்தாலும் கல்லைப் போட்டது யார் என்று தெரியாது. புகார் சொல்ல ஆள் இல்லாத அந்த இடத்தில்தான் தேவன் தம்முடைய பெயரைச் சொல்லி நிற்கிறார். அதே அதிகாரத்தில் நரைத்தவர்களைக் கனப்படுத்தச் சொல்லும்போதும் இதே வார்த்தை வருகிறது. 25:43-இல், வறுமையால் விலைப்பட்டு வந்த சகோதரனைக் கொடூரமாய் ஆளாதே என்னும்போதும் வருகிறது. எதிர்த்துப் பேச முடியாதவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் தெய்வபயம் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆலயத்தில் பயபக்தியாக உட்காருவது தேவைதான், ஆனால் அங்கே நம்மைப் பார்க்கப் பலர் இருக்கிறார்கள்.

*

சகோதரி, உங்கள் பகிர்வு மனதைத் தொட்டது. என்னுடையது அலுவலக அனுபவம்.

எங்கள் துறைத் தலைவர் வேதத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அவசர வேலை வந்தால் யாரை வேண்டுமானாலும் விடுமுறை நாளில் வரச்சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு, விதியிலும் இடம் உண்டு. அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். இவர் முடிந்தவரை தானே வந்து முடிப்பார். கைக்குழந்தை உள்ளவர்களையும், வீட்டில் நோயாளியை வைத்திருக்கிறவர்களையும் கூப்பிட்டதே இல்லை. ஏன் என்று கேட்டால், "நெகேமியா ஐந்தாம் அதிகாரம் வாசியுங்கள்" என்பதோடு சரி.

வாசித்தேன். நெகேமியா 12 வருடம் யூதாவில் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. முந்தினவர்கள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும், 40 சேக்கல் வெள்ளியும் வாங்கியிருந்தார்கள். "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை" என்கிறார். லஞ்சத்தை மறுப்பது ஒரு பக்கம். இங்கே அவர் விட்டுக்கொடுத்தது தனக்கு உரிமையான படி! ஜனங்களுக்கு ஏற்கெனவே பாரம் அதிகம் என்பதால் அதைத் தொடவில்லை. 'விதி அனுமதிக்கிறதே' என்ற பேச்சை எங்கள் தலைவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

*

இரண்டையும் வாசித்தேன், நன்றி. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

சின்ன வயதில் ஆண்டவர் என்றாலே எனக்கு நடுக்கம். காய்ச்சல் வந்தாலும் பரீட்சையில் மதிப்பெண் குறைந்தாலும் "ஆண்டவர் தண்டிக்கிறார்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தெய்வபயம் என்றால் அதுதான் என்று நினைத்து ஜெபிக்கவே பயந்திருக்கிறேன். யாத்திராகமம் 20:20-இல் மோசே, பயப்படாதிருங்கள் என்று சொல்லிவிட்டு, தேவனுக்குப் பயப்படும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்க வேண்டும் என்று அதே மூச்சில் சொல்வது எனக்குப் புரியாமலே இருந்தது.

புரியவைத்தவர் என் பாட்டி. ஒருநாள் மாலை என் தம்பியை, அவன் செய்யாத ஒன்றுக்காகத் திட்டிவிட்டார். உண்மை தெரிந்ததும், குடும்ப ஜெபத்தை ஆரம்பிக்காமல் நிறுத்தினார். எல்லோர் முன்பாகவும் அந்தச் சின்னப் பையனிடம், "ஐயா, பாட்டி உன்னைத் தப்பாகப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோ" என்றார். பெரியவர்கள் சங்கடப்பட்டு, "விடுங்கம்மா, அவன் சின்னப் பிள்ளைதானே" என்றார்கள். "இவனிடம் சரி பண்ணாமல் அவரிடம் நான் எந்த முகத்தோடு பேசுவது?" என்று கேட்டார். அவர் முகத்தில் நடுக்கம் இல்லை. மன்னிப்பு கிடைக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தவருடைய பயம் அது. சங்கீதம் 130:4 சொல்வதும் அதுதானே: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு."

இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டவரை மிரட்டலாகக் காட்டாமல் அவருக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்க விரும்புகிறேன். வீட்டில் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று பெற்றோர் யாராவது எழுதினால் எனக்கு மிகவும் உதவியாக இருக்கும்.