போர் தண்ணீர் மட்டுமே வரும் வீட்டில் இரண்டடித் தொட்டிக்கு எந்த மீன்கள் ஏற்றவை?

வேளச்சேரிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் மகள் வெகுநாள்களாகக் கேட்டதால், 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் பொருத்தி வைத்திருக்கிறேன். மீன் எதையும் இன்னும் விடவில்லை. எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர்தான், ஆர்.ஓ. இயந்திரத்தைச் சரிபார்க்க வந்தவர் அதன் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 900-க்கு மேல் இருப்பதை அளந்து காட்டினார். கடையில் விசாரித்தபோது, இரண்டு கோல்டு ஃபிஷ், ஆறு நியான் டெட்ரா, இரண்டு ஏஞ்சல், பாசியைத் தின்பதற்கு ஒரு சக்கர் ஆகியவற்றை ஒன்றாகவே விடலாம் என்றார்கள். அப்படி வாங்கலாமா? மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதை என் மகள் பார்க்க நேரக்கூடாது என்பதுதான் என் கவலை.

கல்லும்மணலும்

அந்தப் பட்டியலில் ஒன்றுகூட உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது. தயவுசெய்து வாங்க வேண்டாம். உங்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர். அடியில் கல் பரப்பி, மேலே சற்று இடம் விட்டால் 45 முதல் 50 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் 15 சென்டிமீட்டரைத் தாண்டும், பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும், மற்ற சிறு மீன்களைவிட மிக அதிகமாகக் கழிவை வெளியேற்றும். மேலும் அது குளிர்ந்த நீரை விரும்பும் மீன். சென்னையில் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். வெப்பம் கூடக்கூட நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவதால், பெரிய உடலும் சிறிய தொட்டியும் சேர்ந்து அதற்கு மூச்சுத் திணறலைத்தான் தரும். ஏஞ்சல் உயரமான தொட்டியைக் கேட்கும், வளர்ந்தபின் நியானை விழுங்கவும் செய்யும். நியான் டெட்ரா அமேசான் பகுதியின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் தோன்றிய மீன். உங்கள் போர் தண்ணீர் அதற்கு நேர் எதிரானது.

மீனைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்காகத் தண்ணீரை மாற்றப் போராடுவதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆர்.ஓ. நீரை வாரந்தோறும் அளந்து கலக்கும் வேலை ஒரு வாரம் தவறினாலும், அந்தத் திடீர் மாற்றமே மீனைக் கொன்றுவிடக்கூடும். போர் தண்ணீரின் கடினத்தன்மையை விரும்பி ஏற்கும் மீன்கள் கப்பியும் பிளாட்டியும்தான். மோலியும் அவ்வகையே என்றாலும், அது பத்து சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்பதால் இந்தத் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆண் கப்பிகளை மட்டும் ஆறிலிருந்து எட்டு வரை வாங்குங்கள். ஆண்தான் சிறியது, நிறமும் அதற்குத்தான். பெண் கப்பி ஒன்றே ஒன்றை வாங்கினாலும், அது கடையிலேயே ஆணுடன் சேர்ந்து, விந்தை உடலில் சேமித்து வைத்திருக்கும். பின்னர் ஆண் துணையின்றியே மாதம் ஒருமுறை வீதம் பல முறை குஞ்சு ஈனும். சில மாதங்களில் தொட்டி கொள்ளாது. அவற்றுடன் நான்கு ஆண் பிளாட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். பாசிக்கு நெரைட் நத்தை இரண்டு போதும். கடின நீரில் அதன் ஓடு உறுதியாக இருக்கும், அதன் முட்டைகள் நன்னீரில் பொரிப்பதில்லை என்பதால் பெருகவும் செய்யாது.

ஏரிக்கரை

மேலே உள்ள பதிலை வழிமொழிகிறேன். சக்கர் மீனைப் பற்றி மட்டும் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் அந்த மீன் 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது, வளர்க்க முடியாமல் ஏரியிலும் குளத்திலும் விடப்பட்டதாலேயே இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாகவும் வலைகளைக் கிழிக்கும் தொல்லையாகவும் ஆகியிருக்கிறது. கப்பியானாலும் சரி, வேண்டாத மீனை ஒருபோதும் வெளியே விடாதீர்கள். வேறொரு வளர்ப்பாளரிடமோ கடையிலோ கொடுத்துவிடுங்கள்.

நம் நாட்டு மீன் ஒன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடலோர உப்பங்கழிகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு, உப்பும் சுண்ணாம்பும் கூடிய நீரைத் தாங்கும். வளர்ந்தால் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர். ஒரு சோடியை மட்டும், வேறு மீன் எதுவும் இல்லாமல் இந்தத் தொட்டியில் வளர்க்கலாம், ஏனெனில் இனப்பெருக்கக் காலத்தில் அவை தங்கள் இடத்தைக் கடுமையாகக் காக்கும். தாயும் தந்தையும் சேர்ந்து முட்டைகளுக்குத் துடுப்பால் நீரை விசிறுவதையும், குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்பதையும் ஒரு குழந்தை பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு. வளர்ப்புக் குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள். கொளத்தூர் மீன் சந்தைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

வேளச்சேரிவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் கப்பியும் பிளாட்டியும் வளர்ப்பதென்று முடிவு செய்துவிட்டோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவந்து விடலாமா?

கல்லும்மணலும்

பொறுத்திருங்கள். மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. புதிய ஸ்பாஞ்சில் அந்த பாக்டீரியாக்கள் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். உங்களைப் போலக் காரத்தன்மை மிகுந்த, வெதுவெதுப்பான நீரில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை இன்னும் கூடுதல் என்பதால் இந்தக் காத்திருப்பைச் சுருக்கவே கூடாது. ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, மீன் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டுவாருங்கள், அது அழுகி வரும் அம்மோனியாவில்தான் அந்த பாக்டீரியாக்கள் வளரும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து பயன்படுத்திய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் வேலை விரைவாக நடக்கும். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டிய பிறகு, முதலில் நான்கு கப்பிகளை மட்டும் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மற்றவை.

கடைத் தண்ணீரின் டி.டி.எஸ். உங்களுடையதைவிட மிகக் குறைவாக இருக்கலாம். ஆகவே பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பின்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் உங்கள் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பையிலுள்ள தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அதன்பின் வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வந்தால், அதில் குளோரின் கலந்திருக்கக்கூடும் என்பதால், குளோரின் நீக்கியைச் சேர்த்த பிறகே ஊற்றுங்கள்.