தெச்சு முடிச்ச குயில்ட்ட (துண்டுத்துணி சேத்துத் தெச்ச போர்வைய) யாருக்குக் குடுக்கலாம்? ஏற்காடு ஆளுங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், சேலம் அம்மாபேட்டைல இருந்து எழுதுறேன். டைலர் கடை வெட்டுத்துணி, அம்மாவோட பழைய காட்டன் சேலை எல்லாம் சேத்து கையாலயே குயில்ட் தைக்கிறேன், வளைகாப்பு கல்யாணம்னு சொந்தத்துல குடுத்தது போக பீரோ நிறைய இருக்கு. விக்க மனசு வரல, போட்ட உழைப்புக்கு யாரும் விலையும் தரமாட்டாங்க. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம்ல, மார்கழி குளிர்ல நாகலூர், வெள்ளக்கடை பக்கம் வயசானவங்களுக்குப் போய்ச் சேந்தா ரொம்ப சந்தோஷம். உள்ள பஞ்சு வைக்கல, சேலையத்தான் மடிச்சு வெச்சு ஓட்டுத்தையல் போட்டிருக்கேன், ஓரத்துக்கு அந்தச் சேலைக் கரையேதான், அலசி வெயில்ல போட்டா சீக்கிரம் காஞ்சிடும். அந்த ஊர்ல யாரக் கேட்டா தேவைப்படுற வீடு தெரியும்? முதியோர் இல்லத்துல தெச்ச போர்வைய வாங்கிப்பாங்களா, துவைச்சுட்டுத்தான் குடுக்கணுமா? தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க, நானே பஸ்ல கொண்டுவந்து குடுத்துடுறேன்.